38-வது நிமிடத்தில் நின்ற பாட்டு: பரணிலிருந்து இறங்கிய ஒரு சிடி செட்டின் பழுது

சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர் ஒருவரின் வீட்டுப் பரணில் பத்துப் பன்னிரண்டு வருடம் கிடந்த மினி ஹைஃபை செட் இது. தொண்ணூறுகளின் கடைசியில் அவருடைய அண்ணன் சவூதியிலிருந்து தூக்கி வந்தது. மேலே ஒரே டிஸ்க் போடும் டிரே, நடுவில் ரேடியோ, கீழே இரட்டைக் கேசட், இரு பக்கமும் பெட்டி ஸ்பீக்கர். மகள் கல்யாணத்துக்காக வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது பரணைக் காலி செய்ததில் இறங்கியிருக்கிறது. சொருகிப் பார்த்ததும் ரேடியோ பாடியது. சிடி டிரே மட்டும் திறக்கவே இல்லை.

என்னிடம் வருவதற்கு முன்பே ஒரு கடையில் காட்டியிருந்தார். அங்கே டிரேயைக் கையால் இழுத்து, டிஸ்க்கைப் போட்டு, டிஸ்ப்ளேயில் ‘நோ டிஸ்க்’ என்று வந்ததும் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். “லென்சு போச்சாம் தம்பி. மாத்துனா ரெண்டாயிரம் ஆகுமாம். அதுக்கு இத எடைக்குப் போட்டுட்டு ஒரு புளூடூத் பெட்டி வாங்கிக்கங்கனு சொல்லிட்டாய்ங்க” என்றார்.

‘லென்ஸ் போச்சு’ என்பது சிடி பழுதில் எல்லாரும் முதலில் எடுத்து விடுவது. கடைக்காரர் லென்ஸ் என்று சொன்னால் லேசர், காயில், சென்சார் எல்லாம் சேர்ந்த முழுத் தொகுதியைத்தான் சொல்கிறார். தினமும் பாடித் தேய்ந்த செட்டுக்கு அந்தத் தீர்ப்பு பல நேரம் சரியாகவும் இருக்கும். சும்மா கிடந்த செட்டுக்கு அந்தக் கணக்கு ஓடாது. லேசர் டையோடு பெரும்பாலும் எரிந்த மணிக்கணக்கில்தான் தேய்கிறது, பரணில் அதை யாரும் எரிக்கவில்லை. கிடையில் கெடுகிறவை வேறு. ரப்பர் தளரும், கிரீஸ் இறுகும், ஸ்விட்ச் முனைகள் கறுக்கும், கண்டன்சர்கள் சோர்ந்து போகும், தூசியும் பூச்சியும் குடியேறும். எல்லாமே மலிவாகச் சரி செய்யக்கூடியவை. இவற்றையெல்லாம் கழித்த பிறகும் பாடவில்லை என்றால்தான் லேசர் மேல் பழி போட வேண்டும். இந்த செட்டில் மூன்று பழுதுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. மேலே இருப்பதைத் தீர்த்தால்தான் கீழே இருப்பது கண்ணில் பட்டது. நடுவில் எந்தக் கட்டத்தில் கைவிட்டிருந்தாலும் ‘லென்ஸ் போச்சு’ என்றே முடிந்திருக்கும்.

சொருகுவதற்கு முன்

வளைகுடாவிலிருந்து வந்த பழைய செட் என்றால் முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பேன். சவூதி வீடுகளில் அந்தக் காலத்தில் 127 வோல்ட் ஓடியது. அதனால் அந்த மார்க்கெட்டுக்குப் போன செட்களில் 110-127, 220-240 என்று மாற்றிக்கொள்ளும் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். குறைந்த பக்கத்தில் வைத்து நம் 230 வோல்ட்டில் சொருகினால் டிரான்ஸ்ஃபார்மர் புகைந்துவிடும். இதில் யாரோ விவரமானவர் 220-க்குத் தள்ளி, மேலே டேப்பும் ஒட்டி வைத்திருந்தார். சொருகிப் பார்த்த அன்று செட் தப்பித்தது அந்த டேப்பால்தான்.

வருடக்கணக்கில் கிடந்த எதையும் நேராகச் சுவரில் சொருகாமல் சீரிஸ் பல்பு வழியாகக் கொடுப்பது நல்லது. 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு ஒன்று செட்டுக்குப் போகும் லைனில் தொடராக நிற்க வேண்டும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், செட்டுக்குச் சேதம் குறையும். நன்றாக இருந்தால் சட்டென்று பளிச்சிட்டு மங்கிவிடும். பவர் சப்ளை கண்டன்சர்கள் நிரம்பும் பளிச் அது. எல்இடி பல்பு இதற்கு உதவாது, இழை எரியும் பழைய பல்புதான் வேண்டும். இப்போதெல்லாம் அதைத் தேடி வாங்க வேண்டியிருக்கிறது.

எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சருக்குள் அலுமினியத்தின் மேல் ஒரு மெல்லிய ஆக்ஸைடு படலம் இருக்கும். வோல்டேஜே இல்லாமல் நெடுநாள் கிடந்தால் அந்தப் படலம் நலியும், கசிவு கூடும். மெதுவாக வோல்டேஜ் கொடுத்தால் ஓரளவு திரும்பவும் வளர்ந்துவிடும். இந்த செட்டில் ஸ்பீக்கரில் முதலில் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் இருந்தது, அரை மணி நேரத்தில் அடங்கியது. உப்பிய கண்டன்சரோ கசிந்த கண்டன்சரோ எதுவும் தென்படவில்லை. பழைய செட் என்றாலே எல்லாக் கண்டன்சரையும் பிடுங்கி மாற்றுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பழுது எங்கே என்று தெரியும் முன் நாற்பது இடத்தில் சால்டர் பண்ணினால், கிளம்பிய இடத்தில் இல்லாத பழுது ஒன்று புதிதாகச் சேர்ந்துகொள்ளும்.

பிளக்கை உருவிவிட்டு மேல் மூடியைக் கழற்றியபோது உள்ளே ஒரு குடித்தனமே இருந்தது. பல்லி முட்டை ஓடுகள், செத்த கரப்பான், பின்பக்கக் காற்றுத் துளைகளை அடைத்தபடி கட்டை விரல் பருமனுக்கு ஒரு குளவிக் கூடு. கூட்டின் பாதி ஏற்கெனவே உடைந்திருந்தது. பரணிலிருந்து இறக்கியவர்கள் தூசி போக நன்றாகத் தட்டியிருக்கிறார்கள். வெளியே இருந்த தூசி போனது, உள்ளே காய்ந்திருந்த மண் பொடிந்து சர்க்யூட் போர்டு மேலும் சிடி மெக்கானிசம் மேலும் உதிர்ந்துவிட்டது. பிரஷ்ஷால் தள்ளி, வாக்குவம் கொண்டு இழுத்து எடுத்தேன். ஊதும் மெஷினை வைக்கவில்லை. ஊதினால் மண் வெளியே வருவதைவிட மெக்கானிசத்துக்குள் போகத்தான் அதிக வாய்ப்பு. எலி மட்டும் வயரைத் தொடவில்லை, அது பெரிய புண்ணியம்.

டிரே

திறக்கும் பட்டனை அழுத்தினால் உள்ளே மோட்டார் சுற்றும் சத்தம் கேட்கிறது, டிரே அசையவில்லை. மோட்டார் சுற்றுகிறது என்றால் கரண்டும் கட்டளையும் சரி, நடுவில் பெல்ட் வழுக்குகிறது. சிடி பழுதிலேயே இதைவிட எளிய கண்டுபிடிப்பு கிடையாது.

மோட்டார் புல்லியிலிருந்து பெரிய சக்கரத்துக்குப் போகும் சதுர வெட்டு ரப்பர் பெல்ட், தொட்டதும் விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஓட்டு வீட்டுப் பரணில், மதுரைச் சித்திரை வெயிலில் இத்தனை கோடை தாண்டிய ரப்பர் வேறு எப்படி இருக்கும்? புல்லிப் பள்ளத்தில் ஒட்டிய கறுப்புப் பசையைச் சுத்தமாக வழித்து எடுக்காமல் புது பெல்ட் போட்டால் அதுவும் வழுக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் புல்லி இரண்டும் பளபளக்கும்வரை துடைத்தேன்.

அளவு எடுக்கப் பழைய பெல்ட்டை நம்பக் கூடாது, அது நீண்டு போயிருக்கும். இரண்டு புல்லியையும் சுற்றி ஒரு நூலை ஓட்டி, அதன் நீளத்தில் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் ஏறக்குறைய சரியான அளவு கிடைக்கும். டவுன்ஹால் ரோட்டுப் பக்கத்துக் கடைகளில் கலந்த அளவில் பெல்ட் பாக்கெட் கிடைக்கிறது, அதிலேயே பொருந்தியது ஒன்று இருந்தது. ரொம்ப இறுக்கமாகப் போட்டால் மோட்டாரின் தண்டைத் தாங்கும் புஷ் தேயும். பெல்ட் கிடைக்காவிட்டால் பழையதை வெந்நீரில் போட்டுச் சுருக்குவது, ரப்பர் பேண்ட் மாட்டுவது என்றெல்லாம் செய்வார்கள். செட் எங்கே நிற்கிறது என்று பார்க்க மட்டும் அது போதும். ரப்பர் பேண்டைப் போட்டு வாடிக்கையாளர் கையில் கொடுத்தால் அடுத்த கோடைக்குள் திரும்பி வருவார், கோபமாக.

டிரே திறந்தது, மூடியது, உடனே மறுபடி தானே திறந்தது. டிரே உள்ளே வந்துவிட்டது என்று சொல்லும் தகட்டு ஸ்விட்ச்சின் முனைகள் கறுத்திருந்தன. ஆல்கஹாலில் நனைத்த ஒரு துண்டு விசிட்டிங் கார்டை முனைகளுக்கு நடுவே விட்டு இரண்டு முறை இழுத்ததில் அது சரியானது.

‘நோ டிஸ்க்’

இப்போது கடைக்காரர் பார்த்த அதே இடத்துக்கு வந்தாயிற்று. டிஸ்க் உள்ளே போகிறது, கொஞ்ச நேரம் யோசிக்கிறது, ‘நோ டிஸ்க்’. இங்கே தீர்ப்புச் சொல்லாமல், அந்தக் கொஞ்ச நேரத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். முதலில் லென்ஸ் தொகுதி டிஸ்க்கின் மையத்தை நோக்கி நகர்ந்து, உள் எல்லை ஸ்விட்ச்சைத் தொட்டு நிற்கும். லேசர் எரியும். லென்ஸ் மேலும் கீழும் இரண்டு மூன்று முறை ஏறி இறங்கி ஃபோகஸ் தேடும். கிடைத்தால்தான் டிஸ்க் சுற்ற ஆரம்பிக்கும். சுற்றிய பிறகு உள் ஓரத்தில் எழுதியிருக்கும் பாட்டு அட்டவணையைப் படிக்கும். எந்தப் படியில் நிற்கிறதோ அந்தப் படியில்தான் பழுது.

டிஸ்க் இல்லாமல், மூடியைத் திறந்து வைத்துப் பார்த்தேன். தொகுதி உள்ளே வந்து நின்றது. லென்ஸ் ஏறி இறங்கியது. பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தால் லென்ஸுக்குள் மங்கலான சிவப்புப் புள்ளி தெரிந்தது. இங்கே ஓர் எச்சரிக்கை. சிடி லேசரின் அலைநீளம் 780 நானோமீட்டர், அகச்சிவப்பு. கண்ணுக்குத் தெரிவது அதன் மிகச் சிறு பகுதிதான். மங்கலாகத்தானே இருக்கிறது என்று நேர் மேலே குனிந்து பார்த்துவிடக் கூடாது. ஓர் அடியாவது தள்ளி, சாய்வாகப் பார்ப்பதே பத்திரம். செட் மூடியிருக்கும்போது ஆபத்தில்லாத இந்த லேசர், மூடியைத் திறந்ததும் அப்படி இல்லை. உள்ளே மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பது சும்மா இல்லை.

ஆக லேசர் எரிகிறது, லென்ஸை அசைக்கும் காயில் வேலை செய்கிறது. டிஸ்க் போட்டால் மட்டும் ஃபோகஸ் கிடைக்கவில்லை. அதாவது போகும் வெளிச்சம் போதுமான அளவு திரும்பி வரவில்லை. லேசர் தளர்ந்திருக்கலாம், அல்லது வழியில் ஏதோ மறைக்கிறது.

செட்டுக்காரரிடம் கேட்டேன், “பரண் எங்கண்ணே இருக்கு?” என்று. “அடுப்படிக்கு மேலதான்” என்றார். அந்த வீட்டில் கேஸ் வந்த பிறகும் வெந்நீருக்கும் பெரிய சமையலுக்கும் விறகடுப்புதான். பதில் அங்கேயே கிடைத்துவிட்டது. விறகுப் புகையும் எண்ணெய் ஆவியும் சேர்ந்து படிந்த பிசுக்கு லேசில் போகாது. நல்ல நிலையில் இருக்கும் சிடி லென்ஸில் டார்ச் அடித்தால் பூச்சின் நீல ஊதா மினுக்கம் தெரியும். இதில் அந்த மினுக்கமே இல்லை, பழுப்பாக ஒரு மூட்டம் மட்டும்.

கடையில் விற்கும், அடியில் குட்டி பிரஷ் வைத்த ‘லென்ஸ் கிளீனர்’ டிஸ்க் இதற்குப் பயன்படாது. உலர்ந்த தூசி என்றால் தட்டிவிடும். பிசுக்கை இழுவி விடத்தான் செய்யும். தவிர, ஃபோகஸே கிடைக்காத செட்டில் அது சுற்றவே சுற்றாது. மெல்லிய பட்ஸ் ஒன்றின் பஞ்சைப் பாதி உரித்து, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தொட்டு, உதறி, லென்ஸின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வட்டமாக ஓட்டினேன். அழுத்தம் என்பதே இருக்கக் கூடாது. லென்ஸ் மெல்லிய தாங்கிகளில் தொங்குகிறது, விரல் பலத்தில் அமுக்கினால் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். முதல் பஞ்சு டீத்தூள் நிறத்தில் வந்தது. அடுத்தடுத்து வெளுத்து, கடைசிப் பஞ்சு வெள்ளையாகவே வந்தபோது நீல மினுக்கம் திரும்பியிருந்தது.

மொபைல் ஸ்பேர்ஸ் கடைகளில் இந்த ஆல்கஹால் சின்ன பாட்டிலில் கிடைக்கிறது. கைக்குப் போடும் சானிடைசர் கூடாது, பெரும்பாலானவற்றில் கிளிசரின் இருக்கும், அது காய்ந்து இன்னொரு படலமாக நிற்கும். தின்னர், அசிட்டோன், பெட்ரோல் பக்கம் போகவே கூடாது. லென்ஸ் பிளாஸ்டிக், ஒரே துடைப்பில் வெளுத்துவிடும்.

டிஸ்க்கைப் போட்டதும் சுற்றியது, பாட்டு எண்ணிக்கையும் மொத்த நேரமும் டிஸ்ப்ளேயில் வந்தன. டிஸ்க்கிலிருந்து படித்த சிக்னல் வரும், போர்டில் ஆர்எஃப் என்று எழுதிய டெஸ்ட் பாயின்டில், சிக்னலைத் திரையில் வரைந்து காட்டும் ஆஸிலாஸ்கோப்பை வைத்துப் பார்த்தேன். வைர வடிவங்கள் கூர்மையாக, நடுவில் மூட்டமில்லாமல், ஒரு வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே நின்றன. இளைத்த லேசர் இப்படி ஒரு சிக்னல் தராது. லென்ஸ் தொகுதியின் ஓரத்தில் ஒரு குட்டி பிரீசெட் இருக்கிறது, லேசருக்குப் போகும் கரண்டைக் கூட்டிக் குறைக்க. யூடியூப் பார்த்துவிட்டு முதல் வேலையாக அதைத் திருகுகிறவர்கள் இருக்கிறார்கள். பிசுக்குப் படிந்த லென்ஸில் அதைத் திருகிக் கூட்டினால் செட் கொஞ்ச நாள் பாடவும் செய்யும். பிறகு டையோடு நிஜமாகவே எரிந்து, ‘லென்ஸ் போச்சு’ என்பது உண்மையாகிவிடும்.

38-வது நிமிடம்

வேலை முடிந்தது என்று நினைக்கும் இடம் இது. முதல் பாட்டு, இரண்டாம் பாட்டு, துல்லியம். அவருக்கு போன் போட்டுச் சொல்லியும் ஆயிற்று. பெஞ்சில் அது பாட்டுக்கு ஓடட்டும் என்று விட்டுவிட்டு வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரே வரி திரும்பத் திரும்ப வர ஆரம்பித்தது. அரை வரி, ‘டப்’, அதே அரை வரி, ‘டப்’. அடுத்த பாட்டுக்குத் தள்ளினால் போக மறுத்தது. முதல் பாட்டுக்குத் திரும்பினால் மறுபடி அருமையாகப் பாடியது.

இந்த இடத்தில் எல்லாரும் பாட்டு நம்பரைப் பார்ப்பார்கள். ‘எட்டாவது பாட்டில் நிற்கிறது, டிஸ்க்கில் கீறல்’ என்று முடிவு கட்டுவார்கள். பார்க்க வேண்டியது நிமிடத்தை. டிஸ்ப்ளேயைப் பாட்டு நேரத்திலிருந்து மொத்த நேரத்துக்கு மாற்றி, வேறு வேறு டிஸ்க்குகளை ஓட்டினேன். ஒன்றில் ஆறாவது பாட்டு, ஒன்றில் ஒன்பதாவது. ஆனால் நேரம் எல்லாவற்றிலும் 36-க்கும் 39-க்கும் நடுவில். பெரும்பாலும் 38. டிஸ்க் மாறியும் இடம் மாறவில்லை என்றால் பழுது டிஸ்க்கில் இல்லை.

சந்தேகப் பட்டியலில் மற்றவையும் ஒவ்வொன்றாக விழுந்தன. லேசர் பலவீனம் என்றால் எல்லா இடத்திலும் தடுமாற வேண்டும், அட்டவணையைப் படிக்கவே திணற வேண்டும். டிஸ்க்கைச் சுற்றும் ஸ்பிண்டில் மோட்டார் தேய்ந்திருந்தால் நேர்மாறாக, ஆரம்பத்தில்தான் தொந்தரவு வரும். சிடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படுகிறது. மையத்தருகே நிமிடத்துக்குச் சுமார் 500 சுற்று, வெளி ஓரத்துக்குப் போகப் போக 200 வரை குறையும். தளர்ந்த மோட்டார் வேகமான இடத்தில் திணறி, மெதுவான இடத்தில் சமாளித்துக்கொள்ளும். டிஸ்க் வளைந்திருந்தால் வெளிப்பக்கம் சிக்கல் வரும்தான், ஆனால் எல்லா டிஸ்க்கும் ஒரே நிமிடத்தில் வளைந்திருக்க வழியில்லை.

மீதி இரண்டு. லென்ஸ் தொகுதிக்குப் போகும் ரிப்பன் கேபிள், தொகுதி நகரும்போது கூடவே மடங்குகிறது. உள்ளே ஒரு கம்பி விட்டிருந்தால் குறிப்பிட்ட ஓர் இடத்தில் மட்டும் துண்டிக்கும். இல்லாவிட்டால் தொகுதி நகரும் பாதையிலேயே ஏதோ தடை. கேபிள் என்றால் ஃபோகஸ் மொத்தமாக விழுந்து டிஸ்க் நின்றுவிடும். இங்கே டிஸ்க் நிற்கவில்லை, ஒரே வரியை விடாமல் படித்துக்கொண்டிருந்தது.

அந்த ‘டப்’ எங்கிருந்து வருகிறது என்றால், லென்ஸுக்கு நகர்வு இரண்டு வகை. நுணுக்கமான பக்கவாட்டு அசைவை லென்ஸைச் சுற்றியுள்ள காயில் பார்த்துக்கொள்கிறது. பெரிய நகர்வுக்கு முழுத் தொகுதியையும் ஒரு மோட்டார், கியர் வழியாகக் கம்பியின் மேல் தள்ளும். முளையில் கட்டிய மாடு கயிறு எட்டும் வரை தானே மேயும், அதற்கு மேல் முளையைப் பிடுங்கித் தள்ளி நட வேண்டும் இல்லையா, அந்த ஏற்பாடுதான். பாட்டு ஓட ஓட லென்ஸ் வெளிப்பக்கம் சாயும், சாய்வு கூடியதும் மோட்டாருக்கு வோல்டேஜ் போய்த் தொகுதி ஒரு நூலளவு நகரும். தொகுதி எங்கோ முட்டி நின்றுவிட்டால் லென்ஸ் மட்டும் சாய்ந்து சாய்ந்து, அதன் எல்லைக்குப் போய், தடத்தை விட்டுவிட்டுப் பழைய இடத்துக்கே துள்ளி வரும். மறுபடி அதே வரி.

38 நிமிடம் என்பது டிஸ்க்கில் எந்த இடம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பாட்டு ஆரம்பிப்பது மையத்திலிருந்து 25 மில்லிமீட்டரில். தடத்துக்கும் தடத்துக்கும் இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர். தடம் லேசரைக் கடக்கும் வேகம் நொடிக்கு 1.2 முதல் 1.4 மீட்டர், டிஸ்க்குக்கு டிஸ்க் மாறும். 1.25 என்று வைத்துக்கொண்டால் 38 நிமிடத்தில் 2,850 மீட்டர் தடம். அதை 1.6 மைக்ரோமீட்டரால் பெருக்கினால் 4,560 சதுர மில்லிமீட்டர் பரப்பு. 25 மில்லிமீட்டர் ஆர வட்டத்தைச் சுற்றி அந்தப் பரப்பைப் பரப்பினால், வெளி விளிம்பு 45 முதல் 46 மில்லிமீட்டருக்குள் வந்து நிற்கிறது. 74 நிமிட டிஸ்க்கில் நேரப்படி பாதிதான் தாண்டியிருக்கிறோம், தூரத்தில் பாதியைத் தாண்டி வெகுதூரம் வந்தாயிற்று. ஒவ்வொரு டிஸ்க்கும் 36, 38, 39 என்று கொஞ்சம் முன்னே பின்னே நின்றதற்கும் அந்த வேக வித்தியாசமே காரணம். இடம் ஒன்று, அதை எட்டும் நேரம்தான் வேறு.

மின்சாரத்தைத் துண்டித்து, மெக்கானிசத்தை வெளியே எடுத்து, கியரை விரலால் மெதுவாகச் சுற்றினேன். தொகுதி உள்ளிருந்து வழுக்கிக்கொண்டு வந்து, ஓர் இடத்தில் ‘கடக்’ என்று நின்றது. எஃகு ஸ்கேலை வைத்தால் ஸ்பிண்டில் மையத்திலிருந்து லென்ஸ் நடுப்புள்ளிவரை 46-க்கு ஒரு மயிரிழை குறைவு. காகிதத்தில் போட்ட கணக்கு கம்பியின் மேல் அப்படியே வந்து உட்கார்ந்ததில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, அதை மறைப்பானேன்.

பூதக்கண்ணாடியில் பார்த்தால், தொகுதியின் ஓரத்துப் பல்வரிசையில் ஒரு பள்ளத்துக்குள் கடுகில் பாதி அளவு செம்மண் துகள். குளவிக் கூட்டு மண். அதைச் சுற்றிப் பழைய கிரீஸ் மெழுகாக இறுகிப் பிடித்திருந்தது. வெறும் மண் துகள் என்றால் கியர் தட்டி விட்டிருக்கும், வெறும் இறுகிய கிரீஸ் என்றால் மோட்டார் எப்படியோ தள்ளியிருக்கும். இரண்டும் சேர்ந்துதான் பல்லாக முளைத்து நின்றன. பல் குத்தும் குச்சியால் நெம்பியதும் துகள் வந்துவிட்டது.

அதோடு விடவில்லை. பல்வரிசை, கியர்கள், எஃகுக் கம்பி எல்லாவற்றிலும் இருந்த பழைய கிரீஸை ஆல்கஹால் துணியால் துடைத்தெடுத்து, பிளாஸ்டிக்குக்கு ஒத்துப்போகும் சிலிகோன் கிரீஸை விரல் நுனியில் எடுத்து மெல்லிசாகத் தடவினேன். இந்த இடத்தில் தையல் மிஷின் எண்ணெய் விடுவார்கள், சிலர் தேங்காய் எண்ணெயே விடுவார்கள். எண்ணெய் கம்பியில் நிற்காமல் ஓடிப் பரவும், ஒரு சொட்டு லென்ஸுக்குப் போனால் போதும், மறுபடி ‘நோ டிஸ்க்’. தேங்காய் எண்ணெய் நாளாக ஆகப் பிசினாகிவிடும், மார்கழிக் குளிரில் உறையவும் செய்யும்.

மாட்டி ஓட்டியதில் 38 தாண்டியது, 50 தாண்டியது, 70 நிமிடத்துக்கு மேல் இருக்கும் ஒரு டிஸ்க்கின் கடைசிப் பாட்டு வரை தடங்கலில்லை. முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுக்கும் கடைசியிலிருந்து முதலுக்கும் தாவ வைத்துப் பார்த்தேன், அதுவும் போனது. வால்யூம் திருகி சில இடங்களில் ஏறுவதற்குப் பதில் இறங்கியது. கான்டாக்ட் கிளீனர் கொஞ்சம் அடித்துச் சுழற்றியதில் அடங்கியது. குளவி வந்த துளைகளுக்கு உள்பக்கமாகக் கொசுவலைத் துண்டு ஒட்டியாயிற்று.

கடை சொன்ன புது லென்ஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த செட்டில் இருப்பது கே.எஸ்.எஸ். 213 வகை. உலகம் முழுக்க ஏகப்பட்ட செட்களில் போனது, அதனால் நகல்கள் இன்றும் கிடைக்கின்றன, தரம்தான் ஆளுக்கு ஆள் வேறு. மாற்றியிருந்தால் ‘நோ டிஸ்க்’ நிச்சயம் தீர்ந்திருக்கும். பல்வரிசையும் தொகுதியோடு சேர்ந்தது என்பதால் மண் துகளும் பழைய லென்ஸோடு வெளியே போயிருக்கும். பிசுக்கையும் மண்ணையும் எடுக்க இரண்டாயிரம் ரூபாய் கொடுத்து, உழைத்துப் பாதி ஆயுள்கூட ஆகாத அசல் ஜப்பான் லேசரைக் குப்பையில் போட்டிருப்போம், அவ்வளவுதான்.

டிஸ்க்குகள்

செட்டோடு ஒரு மஞ்சப்பை நிறைய டிஸ்க் கொண்டுவந்திருந்தார். கம்பெனி டிஸ்க்குகள் எல்லாம் பாடின, கன்னாபின்னாவென்று கீறியவைகூட. கீறல் தடத்தின் போக்கில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் நீளம் வரை தின்றுவிட்டாலும், சிடியில் தகவலைக் கலைத்துப் பரப்பி எழுதியிருக்கும் முறையால் பிளேயர் இழந்ததைக் கணக்கிட்டு முழுசாக மீட்டுவிடும்.

‘150 பாடல்கள்’ என்று அட்டை போட்ட டிஸ்க்குகள் பாடவில்லை. அவை எம்பி3. இந்த செட் வந்த காலத்து பிளேயருக்கு எம்பி3 தெரியாது, டிஸ்க்கைச் சுற்றிவிட்டுச் சும்மா இருக்கும். இதைப் பழுது என்று தூக்கி வருகிறவர்களும் உண்டு, அதனால் சொல்லி வைக்கிறேன்.

இத்தனைக்கும் காரணமான டிஸ்க் ஒன்று பையின் அடியில் தனி உறையில் இருந்தது. அவருடைய அப்பா சித்திரைத் திருவிழாவில் பாடிய அழகர் வர்ணிப்பு. கேசட்டில் பிடித்ததை யாரோ ஸ்டுடியோவில் கொடுத்துப் பதிவு டிஸ்க்காகப் போட்டிருக்கிறார்கள். மேலே அப்பா படத்தோடு அச்சடித்த காகித ஸ்டிக்கர். அந்த ஸ்டிக்கர்தான் வினை. சிடியின் தடிமன் 1.2 மில்லிமீட்டர். தகவலும் வெளிச்சத்தைத் திருப்பும் உலோகப் படலமும் இருப்பது அடிப்பக்கத்தில் இல்லை, லேபிள் பக்கத்து மேற்பரப்பை ஒட்டி, மெல்லிய வார்னிஷுக்குக் கீழே. அடிப்பக்கக் கீறலைத் தேய்த்து மங்கச் செய்யலாம். மேல்பக்கம் உரிந்தால் தகவலே உரிந்து போகும். பரண் சூட்டில் ஸ்டிக்கரின் பசை உப்பி, வெளி ஓரத்தில் படலத்தையும் கூடவே தூக்கியிருந்தது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அந்த ஓரத்தில் ஊசிக் கண்களாக ஒளி தெரிந்தது.

ஸ்டிக்கரை உரிக்க வேண்டும் என்று கை துறுதுறுக்கும். உரிக்கவே கூடாது, மிச்சமும் வந்துவிடும். சரி செய்த செட்டில் உள்பக்கம் நன்றாகப் பாடியது, ஓரத்தை நெருங்கியதும் கரகரத்து நின்றது. கம்ப்யூட்டர் டிரைவில் போட்டு, வேகத்தைக் குறைத்து, படிக்க முடியாத இடத்தை மறுபடி மறுபடி படிக்கும் மென்பொருளால் இழுத்ததில் இன்னும் கொஞ்சம் கிடைத்தது. அழகர் கள்ளழகர் வேடம் பூண்டு மலையிறங்கி மூன்றுமாவடியில் எதிர்சேவை வாங்கும்வரை முழுசாக வந்துவிட்டது. ஆற்றில் இறங்கும் கடைசிப் பகுதியில்தான் ஆறேழு நிமிடம் போயிற்று. கிடைத்ததைப் பென் டிரைவிலும் மகள் போனிலும் ஏற்றிக் கொடுத்தேன்.

“அப்ப மிச்சம் அம்புட்டுத்தானா தம்பி?” என்றார். மூல கேசட் எங்கே என்று கேட்டேன். அலங்காநல்லூரில் அக்கா வீட்டில் இருக்கலாம் என்று அங்கேயே நின்று போன் போட்டார். இருக்கிறதாம், பீரோவில். கேசட் நாடா பத்திரமாக இருந்தால் விட்டுப்போன பகுதி அதிலிருந்து கிடைக்கும். இந்த செட்டின் இரண்டு கேசட் பக்கத்திலும் பெல்ட்கள் உருகி ஃபிளைவீலோடு ஒட்டிக் கிடக்கின்றன, நாடாவை அழுத்தி இழுக்கும் பிஞ்ச் ரோலர் கண்ணாடியாக வழவழத்திருக்கிறது. அதனால் செட்டைத் திரும்ப என்னிடமே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். பெல்ட்டுக்கு நூல் ஓட்டி அளவு எடுத்தாயிற்று. தட்டை பெல்ட் ஒன்று, சதுர பெல்ட் இரண்டு வேண்டும்.